வலி போயிடுச்சுன்னா நரம்பு சரியாயிடுச்சா?

இன்னைக்கு எங்க வீட்டுக் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். கொஞ்ச நாளா ராத்திரி ரெண்டு மணிக்கு கை மரத்துப்போய் எழுந்து, உதறிட்டு உட்கார்ந்திருப்பேன். அம்மாவுக்கும் சில வருஷம் முன்னாடி இதே தொந்தரவு. "எனக்கு இப்போ வலியே இல்லடா, அதுவா போயிடுச்சு"ன்னு சொல்வாங்க. ஆனா காபி டம்ளர் அடிக்கடி கைநழுவி விழும். ரெண்டு பேரும் போய் நரம்பு டெஸ்ட் எடுத்தோம். எனக்கு 'மைல்ட்', அம்மாவுக்கு 'சிவியர்'. வலிக்கிறவனுக்கு லேசு, வலிக்காதவங்களுக்கு தீவிரம். எப்படி?

பிரச்சினையோட பேரு கார்ப்பல் டனல் சிண்ட்ரோம். மணிக்கட்டுல எலும்புகளும் ஒரு கெட்டியான பட்டையும் சேர்ந்து குறுகலான சுரங்கம் மாதிரி இருக்கு. விரலை மடக்குற 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதுக்குள்ளதான் போகுது. அழுத்தம் ஏறினா நரம்பு நசுங்கும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல்ல பாதி மரத்துப்போகும். சுண்டுவிரல் தப்பிச்சிடும், அதுக்கு வேற நரம்பு.

டெஸ்ட்ல நரம்புக்கு சின்னதா கரண்ட் கொடுக்கிறாங்க. சுரீர்னு இருக்கும், தாங்கிக்கலாம். அந்த சிக்னலை விரல்லயும், கட்டைவிரல் அடியில இருக்கிற தசையிலயும் பிடிச்சு ரெண்டு விஷயம் பார்ப்பாங்க. வந்து சேர எவ்வளவு நேரம், அதாவது லேட்டன்சி. வந்தது எவ்வளவு பெருசு, அதாவது ஆம்ப்ளிட்யூட்.

விஷயமே இங்கதான் இருக்கு. நரம்பிழை மேல வயருக்கு இருக்கிற மாதிரி மயலின்னு ஒரு உறை உண்டு. நசுங்கும்போது பெரும்பாலும் முதல்ல அடிபடுறது அந்த உறைதான். அப்போ சிக்னல் லேட்டாகும். அழுத்தம் நீடிச்சா இழைகளே சாக ஆரம்பிக்கும். அப்போ சிக்னல் சின்னதாகும். நம்ம பாஷையில, சர்வர் பதில் சொல்ல லேட்டாகுறது ஒண்ணு, சர்வர்களே ஒவ்வொண்ணா விழுறது இன்னொண்ணு.

கிரேடிங் லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். பொதுவா உணர்ச்சி சிக்னல் மட்டும் லேட்டுன்னா மைல்ட். தசைக்குப் போற சிக்னலும் லேட்டுன்னா மாடரேட். பல லேப்கள்ல சுமார் 4.2 – 4.5 மில்லிசெகண்டைத் தாண்டினா லேட்டுன்னு எடுத்துக்கிறாங்க. உணர்ச்சி சிக்னலே வரல, இல்ல தசையோட பதில் சுருங்கிடுச்சுன்னா சிவியர்.

இப்போ அம்மா விஷயம் புரியுதா? வலியை உணர்ற இழைகளும் செத்துப்போனா, சிலருக்கு வலி குறைஞ்சு மரத்துப்போன உணர்வு மட்டும் மிஞ்சும். அதை நாங்க குணமாயிடுச்சுன்னு நினைச்சுட்டோம்.

ரெண்டு எச்சரிக்கை. கை ஜில்லுன்னு இருந்தா சிக்னல் மெதுவாகும், அதனால கையை சூடாக்கிட்டுதான் அளக்கணும். அப்புறம், தொந்தரவு இருந்தும் சிலருக்கு ரிப்போர்ட் நார்மலா வரும். அதனால ரிப்போர்ட்டை மட்டும் வெச்சு முடிவு பண்ணாம, டாக்டர்கிட்ட அறிகுறிகளையும் சொல்லுங்க.

எனக்கு ராத்திரியில போட ஸ்ப்ளின்ட் கொடுத்தாங்க. அம்மாவுக்கு அந்தப் பட்டையை வெட்டி விடுற ஆபரேஷன் பத்தி பேசிட்டிருக்காங்க. உறை மறுபடி வளர்ந்துக்கும். செத்த இழை திரும்ப வளர ரொம்ப நாளாகும், முழுசா வராமலும் போகலாம். அதனாலதான் நேரம் முக்கியம்.

வீட்ல யாராவது "கை மரத்துச்சு, இப்போ சரியாயிடுச்சு"ன்னு சொன்னா, சட்டை பட்டன் போட முடியுதான்னு கேளுங்க. கட்டைவிரல் அடியில சதை வத்தியிருக்கான்னு பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.