பிரிக்க வேண்டாத மரம்

நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவனுக்குக் கடல் என்றால் ஞாயிற்றுக்கிழமை. அப்பாவுக்கு ஷிப்ட் இல்லாத வாரம் பார்த்து, வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாகக் கடலூர் போவோம். தேவனாம்பட்டினத்து மணலில் சுண்டல். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு அலையில் கொஞ்ச நேரம். இருட்டுவதற்குள் பஸ். அவ்வளவுதான் எங்களுக்கும் கடலுக்கும் இருந்த உறவு. இத்தனைக்கும் வீட்டு வாசலிலிருந்து கடற்கரை 40 கிலோமீட்டர் சொச்சம்.

தண்ணீரைப் பற்றித் தெரியாத ஊர் என்றும் சொல்ல முடியாது. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றை ராப்பகலாக இறைத்தால்தான் நெய்வேலியில் சுரங்கமே வெட்டலாம். ஒரு டன் கரி எடுக்கப் பல டன் தண்ணீரை வெளியே தள்ளுகிறார்கள். அந்தக் கரியும் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலோரச் சதுப்பில் நின்ற காடுதான். பிச்சாவரத்து அலையாத்திக் காட்டின் கொள்ளுப்பாட்டி என்று வைத்துக்கொள்ளலாம். 1956இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கி, 1961இல் முதல் கரியைக் கண்ணால் பார்த்த ஊர். பாதித் தமிழ்நாட்டு மாவட்டக்காரர்களும் கேரளம், ஆந்திரம் என்று வந்தவர்களும் பிளாக் பிளாக்காகக் குடியேறினோம். அத்தனை பேரும் குனிந்து பள்ளத்தைப் பார்த்தோம். கிழக்கே திரும்பிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது என் அண்ணன் மகன் காரின் தலையில் 17 அடி நீளத்துக்கு ஒரு கயாக்கைக் கட்டிக்கொண்டு விடியற்காலை மூன்று மணிக்கு டவுன்ஷிப் வளைவைத் தாண்டுகிறான். ஒரு நல்ல பைக் வாங்கும் காசை இந்தப் பிளாஸ்டிக் ஓட்டில் போட்டிருக்கிறானே என்று அண்ணனுக்கு இன்னும் ஆறவில்லை. முன்னும் பின்னும் கூர். நடுவில் ஆள் உட்காரும் குழி. முன்பக்கமும் பின்பக்கமும் தண்ணீர் புகாத அறை, அதற்கு ரப்பர் மூடி. அலைத் தண்ணீர் குழிக்குள் விழாமலிருக்க இடுப்பில் மாட்டிக் குழியின் விளிம்பில் இழுத்துவிடும் ஒரு ரப்பர் பாவாடையும் உண்டு. அதைக் கட்டிக்கொண்டு அவன் முதல் தடவை நின்றபோது அண்ணி சிரித்த சிரிப்பு இருக்கிறதே.

முன்பு இந்தக் கரையில் துடுப்புப் போட்டவர்கள் அதை விளையாட்டாகப் போடவில்லை. என் பள்ளிப் பருவத்தில் பரங்கிப்பேட்டைக்கு வடக்கே சாமியார்பேட்டைப் பக்கம் போனால் கரை முழுக்கக் கட்டுமரம் கிடக்கும். கிடக்கும் என்றால் மரமாகக் கிடக்காது, துண்டு துண்டாகக் கிடக்கும். கடலிலிருந்து வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைப் பிரித்து மணலில் காயப் போடுவார்கள். லேசான மரம், தண்ணீரைக் குடித்துவிட்டால் கனத்துப்போகும். காய்ந்த பிறகு, அடுத்த நாள் நள்ளிரவுக்கு மேல் மறுபடி வரிசை பார்த்து அடுக்கிக் கட்டுவார்கள். எந்தக் கட்டைக்குப் பக்கத்தில் எந்தக் கட்டை என்பது கைக்குத் தெரியும், இருட்டிலும் தெரியும். நெய்வேலியிலிருந்து போன சிறுவனுக்கு அது உடைந்துபோன படகாகத்தான் தெரிந்தது. ‘பாவம், உடைஞ்சிடுச்சு போல’ என்று அப்பாவிடம் சொன்னது நினைவிருக்கிறது. அப்பாவும் ஆமாம் என்றார்.

அந்தக் கட்டைகளின் புத்தி பிற்பாடுதான் எனக்குப் பிடிபட்டது. சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆற்று வாய்களைக்கூட மணல் திட்டு அடைத்துக்கொள்ளும். நேராக அலையை உடைத்துக்கொண்டுதான் போக வேண்டும், வர வேண்டும். குழிவான படகில் ஓர் அலை உள்ளே விழுந்தால் போச்சு. கட்டுமரத்துக்கு உள்ளே என்று ஒன்றே இல்லை. மேலே விழுந்த தண்ணீர் கட்டைகளுக்கு நடுவே ஒழுகிவிடும். கவிழ்ந்தாலும் மூழ்காது, புரட்டி ஏறிக்கொள்ள வேண்டியதுதான். இன்று கடற்கரை விடுதிகளில் சுற்றுலாக்காரர்களுக்குத் தரும் குழியில்லாத, மேலேயே உட்கார்ந்து ஓட்டுகிற கயாக்கில் தண்ணீர் வடிய ஓட்டை ஓட்டையாக விட்டிருக்கிறார்கள் அல்லவா, அதே யோசனை. மூடிய குழியுள்ள கயாக் வட துருவத்துப் பனிக்கடல்காரர்களுடையது. தோலைப் போர்த்தி, தண்ணீர் உடம்பில் பட்டால் உயிர் போகும் குளிரில் ஓட்டியது. நம் கடலில் நனைந்தால் என்ன, காய்ந்துவிடும். (கட்டுமரத்தின் பெயரை வாங்கிக்கொண்டுபோன இங்கிலீஷ்காரன் அதை இரட்டை ஓட்டுப் படகுக்கு வைத்துவிட்டான். கட்டுமரத்துக்கு ஓடே கிடையாது என்பதை யாராவது அவனுக்குச் சொல்லியிருக்கலாம்.)

1935 வாக்கில், நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்ட, தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. எங்கள் ஊரின் கதை அங்கேதான் தொடங்குகிறது. அதே 1935இல் ஒரு ஜெர்மன்காரர் தனியாக ஒரு கயாக்கில் இலங்கையைத் தொட்டுவிட்டு, இந்தியாவின் கிழக்குக் கரையை ஒட்டி மதராஸ், கல்கத்தா என்று வடக்கே ஏறிக்கொண்டிருந்தார். ஆஸ்கர் ஸ்பெக். கடலூர்க் கரையும் அந்த வழியில்தான் இருக்கிறது. 1932 மே மாதம் ஊல்ம் நகரில் டான்யூப் ஆற்றில் இறங்கியவர். வேலையில்லாத் திண்டாட்டக் காலம். சைப்ரஸ் தீவின் செம்புச் சுரங்கத்தில் வேலை கிடைக்கும் என்று கிளம்பினார். சுரங்கத்துக்குக் கிளம்பியவர் கடலிலேயே நின்றுவிட்டார். மடக்கி எடுத்துப்போகும் கயாக், மரச்சட்டத்தின் மேல் ரப்பர் பூசிய துணி, ஒரு சின்னப் பாய். நீச்சல் தெரியாது என்று சொல்வார்கள். ஏழு வருஷம் கழித்து 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் வட எல்லையில் சைபாய் தீவில் கரையேறினார். அதற்குள் உலகப்போர் தொடங்கியிருந்தது, எதிரி நாட்டுக்காரர் என்று பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். விடுதலையான பிறகு ஓப்பல் கல் தொழிலுக்குப் போனார். கடைசியில் சுரங்கம் அவரை விடவில்லை.

அவர் போன பாதையிலேயே போக வேண்டும் என்று ஆஸ்திரேலியாவின் சாண்டி ராப்சன் என்ற பெண் 2011இல் ஊல்மில் தொடங்கி, கட்டம் கட்டமாக 2016இல் சைபாயை அடைந்தார். மும்பைக்காரரான கௌஸ்துப் காடே 2015-16 குளிர்காலத்தில் குஜராத்திலிருந்து கன்னியாகுமரி வரை மேற்குக் கரையை, ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர், கயாக்கில் கடந்தார். அவருக்குத் துணையாக ஷாஞ்சலி ஷாஹி கரையோரச் சாலையில் சைக்கிளில் வந்தார். என் அண்ணன் மகன் மடிக்கணினியில் இவர்களைப் பார்த்துத்தான் கெட்டுப்போனான். பிறகு இராமநாதபுரம் மாவட்டம் பிரப்பன்வலசையில் கடல் விளையாட்டுக் கற்றுத்தருகிறார்கள் என்று போய்ப் பத்து நாள் இருந்தான். கருத்துக் கட்டையாய்த் திரும்பி வந்தான். கவிழ்ந்த கயாக்கிலிருந்து வெளியே வராமலே, தலைகீழாகத் தொங்கியபடி துடுப்பை வீசி இடுப்பை வெட்டி மேலே வரும் வித்தை அவனுக்கு அங்கேதான் வந்தது. அதைப் பத்துக்கு ஏழு தடவை செய்வான். கடலில் அந்த மூன்றுதான் கணக்கு.

இதற்கிடையில் கரை மாறிவிட்டது. 1990களிலேயே ஃபைபர் போட் வரத் தொடங்கியிருந்தது. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள், அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாமியார்பேட்டையும் உயிர்களைக் கொடுத்தது. பிச்சாவரத்து அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பின, காட்டுக்கு வெளியே மணல் திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு அழிந்தது. அடித்துப்போன கட்டுமரங்களுக்குப் பதிலாகத் தொண்டு நிறுவனங்கள் ஃபைபர் போட்டுகளை வரிசையாக இறக்கின. லாங்டெயில் டீசல் எஞ்சின் படபடவென்று அடிக்க, ஒரு தலைமுறைக்குள் துடுப்பு அடுப்புக்குப் போயிற்று. இதைப் பற்றி என் போன்ற டவுன்ஷிப் ஆட்கள் கண்ணீர் விடுவதில் எனக்குச் சம்மதமில்லை. மண்டியிட்டு மண்டியிட்டு முழங்கால் காய்த்துப்போன ஆளிடம் போய், எஞ்சின் வாங்கியது கலாசார இழப்பு என்று சொல்லிப் பாருங்கள்.

போன மாசி மாதம் பையனும் அவன் நண்பர்கள் இருவரும் ஒரு திட்டம் போட்டார்கள். சாமியார்பேட்டையில் இறங்கி, வெள்ளாறு, கொள்ளிடம் முகத்துவாரங்களைத் தாண்டி, பூம்புகார் வழியாகத் தரங்கம்பாடி. ஏறக்குறைய 60 கிலோமீட்டர், இரண்டு நாள். அடுத்த வருஷம் கோடியக்கரை வரை, அதற்கடுத்து அங்கிருந்து மேற்கே திரும்பி முத்துப்பேட்டைச் சதுப்பு. அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் மிச்சமிருக்கும் ஆளில்லாக் கரைகளில் ஒன்று. உப்புச் சேறு, பூநாரை, மைல் கணக்கில் ஒரு வீடு கிடையாது, இறங்கினால் கால் முழங்கால் வரை போகும். கடலோரக் காவல் நிலையத்தில் தகவல் சொல்லியாயிற்று, காற்று எந்தப் பக்கம் எத்தனை வேகம் என்று செல்போனில் மூன்று நாளைக்கு மணி மணியாகப் பார்த்தாயிற்று. கார் ஓட்டும் வேலை எனக்கு.

கிளம்புவதற்கு முதல் நாள் சாமியார்பேட்டைக் கரையைப் பார்க்கப் போனோம். சவுக்கு நிழலில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், எழுபதைத் தாண்டியிருப்பார், எங்கே போறீங்க என்றார். பையன் செல்போனைக் காட்டினான். அவர் அதைப் பார்க்கவில்லை. எழுந்து நனைமணல் வரை போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

“தெக்கால போறியா? நீவாடு வடக்கால ஏறிட்டுக் கெடக்கு. எஞ்சின் வெச்சவனே முனகுறான். ஒனக்கு எதுக்கு தம்பி கைநோவு? தரங்கம்பாடியில எறங்கு. இங்க வந்து சேரு.”

காற்று செல்போனில் இருந்தது. அவர் நீவாடு என்ற நீரோட்டம் அதில் இல்லை, இருந்திருந்தாலும் இவன் பார்த்திருக்க மாட்டான். தை, மாசிக்கு மேல் இந்தக் கரையில் ஓட்டம் தெற்கிலிருந்து வடக்கே திரும்பிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் எதிர்ப்பக்கம் இழுக்கும். ஸ்பெக் எந்த மாதத்தில் எந்தக் கரையில் இருந்தார் என்று மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைக்கு இது உறைக்காமல் போனது எனக்கு ஆச்சரியம். அன்று ராத்திரியே மூன்று படகுகளையும் கட்டிக்கொண்டு தரங்கம்பாடிக்குக் காரை விட்டேன்.

விடியுமுன் டேனிஷ் கோட்டைக்குப் பக்கத்தில் இறங்கினார்கள். பத்து மணி வரை நிலக்காற்று, கடல் தகடு மாதிரி. அதற்குமேல் தென்கிழக்குக் காற்று எழும்பி அலை முதுகில் வந்து தள்ளியது. பின்னலையில் கயாக்கை நேராக வைத்திருப்பதுதான் சிரமமாம், வால் ஒரு பக்கம் மூக்கு ஒரு பக்கம் என்று திரும்பப் பார்க்கும். நான் சாலையில் சுற்றிக்கொண்டு பழையாறு போய்ச் சேரும்போது மணி ஒன்று. ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் சொல்லிவிட்டுக் கரையிலேயே தங்கினோம். யாரும் காசு கேட்கவில்லை, நிறையக் கேள்வி கேட்டார்கள். எந்தக் கம்பெனி? எவ்வளவு சம்பளம்? சம்பளமே இல்லாமலா? ராத்திரி வடக்கே பரங்கிப்பேட்டைப் பக்கத்து அனல்மின் நிலையப் புகைபோக்கியின் சிவப்பு விளக்கு தெரிந்தது. அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் சிதம்பரம் கோபுரங்களை வைத்து இந்தக் கரையை அடையாளம் கண்டார்களாம். புகைபோக்கியைப் பார்த்து ஊர் வந்துவிட்டது என்று சொல்கிற பழக்கம் நெய்வேலிக்காரனுக்குப் புதிதில்லை.

மறுநாள் கொள்ளிடத்து வாயில் ஒருவன் கவிழ்ந்தான். ஆற்று வடிநீரும் கடல் அலையும் முட்டிக்கொள்ளும் இடம், அலை செங்குத்தாக எழும்பும். அவனுக்குப் புரட்டி எழும்ப வரவில்லை, வெளியே வந்துவிட்டான். இன்னொருவன் அவன் படகின் மூக்கைத் தன் படகின் மேல் குறுக்கே இழுத்துப் போட்டுத் தண்ணீரைக் கொட்டி, திருப்பிப் போட்டு, பிடித்துக்கொள்ள, இவன் மார்பால் ஊர்ந்து ஏறினான். இரண்டு நிமிஷம் என்றார்கள். அம்மாக்களிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார்கள்.

சாமியார்பேட்டையில் நான் பார்த்தது கடைசி அரைமணி நேரம். மூன்று புள்ளிகள் அலைமடிப்புக்கு வெளியே வந்து நின்றன. பெரியவர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு முன்னால் போனார். வலது கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டினார்: நில்லு. ஓர் அலை, இன்னொன்று, பெரிதாக ஒன்று. புள்ளிகள் அப்படியே நின்றன. இன்னும் ஒன்று. பிறகு கையை வேகமாகத் தன் பக்கம் வீசினார். மூன்றும் ஒரே மூச்சில் துடுப்பை வாங்கின. இரண்டு பேர் நேராக வந்து மணலில் ஏறினார்கள். என் வீட்டுப் பிள்ளை கடைசி அலையில் பக்கவாட்டில் திரும்பி, பாவாடையோடு உருண்டு, மூக்கில் மணலோடு எழுந்தான். வித்தையின் அந்த மூன்றில் ஒன்று.

சவுக்கடியில் இரண்டு பழைய கட்டுமரக் கட்டைகள் கிடந்தன, வலை பிரிக்கிறவர்கள் உட்கார. அதன் மேல் கயாக்கைத் தூக்கி வைத்தான். பெரியவர் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். எத்தனை கிலோ என்றார். இருபத்தேழு என்றான்.

“பிரிக்கணுமா இத?”

“வேண்டாம் தாத்தா. ஒரே துண்டு.”

“அப்ப எப்படிக் காயும்?”

“உள்ளே தண்ணியே போகாது.”

அவர் பின்பக்கத்து ரப்பர் மூடியை நெம்பித் திறந்து கையை விட்டார். நனைந்த பிஸ்கட் பாக்கெட் ஒன்று வந்தது. அடுத்து ஒரு டவல், பிழிந்தால் ஒழுகும் பதத்தில். மூக்கை நீ பிடி என்று அவனுக்குச் சைகை காட்டிவிட்டு வாலைத் தான் பிடித்துக்கொண்டார். இருவருமாகப் புரட்ட, ஒரு குடம் கடல் சத்தத்தோடு மணலில் கொட்டியது.