தசைக்குள் கொழுப்பு: ஒருவருக்குக் கேடு, ஒருவருக்கு எரிபொருள் – ஏன்?

இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவரின் தசை இழைகளுக்குள் கொழுப்புத் துளிகள் மிகுந்திருக்கும். நெடுந்தூர ஓட்டக்காரரின் தசையிலும் அப்படித்தான். ஆனால் அவர் உடல் இன்சுலினுக்கு நன்றாகவே இணங்குகிறது. 2001இல் பிரெட் குட்பாஸ்டர் குழுவினர் அளந்து காட்டிய விந்தை இது.

துளியின் அளவை விட அதன் புழக்கமே முக்கியம். பயிற்சி, செல்லுக்குள் எரிபொருளை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்குவதால் ஓட்டக்காரரிடம் கொழுப்பு எரிகிறது, மறுபடி நிரம்புகிறது. உழைக்காத தசையிலோ செராமைடு போன்ற கொழுப்புப் பொருள்கள் சேர்ந்து இன்சுலின் சமிக்ஞையைத் தடுக்கின்றன. பாமாயிலிலும் வெண்ணெயிலும் மிகுந்த பால்மிட்டிக் அமிலமே செராமைடுக்கு மூலப்பொருள். கடலை எண்ணெயிலுள்ள ஒலியிக் அமிலம் பால்மிட்டிக் அமிலத்தைத் தீங்கற்ற துளியாகச் சேமிக்க உதவுகிறது. ஆனால் எண்ணெயை மாற்றினால் மட்டும் போதாது. சேமித்ததைச் செலவழிக்கத் தசை அசைய வேண்டும். உடற்பயிற்சி தரும் இன்சுலின் இணக்கம் ஓரிரு நாளில் மங்கிவிடும். எனவே தொடர்ந்து 2 நாளுக்கு மேல் இடைவெளி விடக்கூடாது.