பூசணி இலையில் இரண்டு சாம்பல்

மார்கழிக் கோலத்தில் வைக்கப் பூசணிப் பூப் பறிக்கப் போகிறீர்கள். கொடியின் முதிர்ந்த இலைகளில் திருநீறு தூவியது போல் வெண்பொடி தெரிகிறதா? பூசணி இலையில் நரம்புகள் கூடும் இடங்களில் இயற்கையாகவே வெள்ளித் திட்டுகள் இருப்பதுண்டு. எனவே விரலால் தேய்த்துப் பாருங்கள். பொடி விரலோடு வந்தால் அது சாம்பல் நோய்.

இந்நோய்க்குக் காரணமான பூஞ்சணம் இலையின் மேற்பரப்பிலேயே படர்ந்து, நுண்ணிய உறிஞ்சிகளை மேல்தோல் உயிரணுக்களுக்குள் செலுத்தி உணவைக் கவர்கிறது. பெரும்பாலான பூஞ்சண வித்துகள் முளைக்க இலையில் நீர் நிற்க வேண்டும். இதற்கோ ஈரக் காற்றே போதும். தேங்கும் நீர் இதற்குத் தீங்கு. அதனால்தான் மதுரையில் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின் தலைகாட்டுகிறது.

மழைக்காலத்தில் வருவது அடிச்சாம்பல் நோய். இலையின் மேற்புறத்தில் நரம்புகளுக்கு இடையே கோணல்மாணலான மஞ்சள் திட்டுகள் தோன்றும். காலையில் இலையைத் திருப்பினால் அடியில் சாம்பல் கலந்த ஊதாப் படிவு தெரியும். இதை உண்டாக்குவது உண்மையான பூஞ்சணமே அன்று. பழுப்புப் பாசிகளுக்கு உறவான உயிர். இலை ஈரமாக இருந்தால்தான் பரவும். ஆகவே நீரைக் கொடியின் தூரில் ஊற்றுங்கள், இலைமேல் தெளிக்காதீர்கள். நோயுற்ற இலைகளைக் கிள்ளி அகற்றுங்கள். மீறிப் பரவினால் மேன்கோசெப் மருந்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளிக்கலாம். பொட்டலத்தில் குறித்த நாள் கழியும்வரை காய் பறிக்கக் கூடாது.

சாம்பல் நோய் என்றதும் பலர் கந்தகத்தூளைத் தேடுகிறார்கள். திராட்சைக்கு அது நல்ல மருந்துதான். பூசணிக் குடும்பத்துக்கு ஆகாது, இலை கருகிவிடும். வெப்பம் 40 டிகிரி செல்சியசை எட்டும் மதுரைக் கோடையில் கேட்கவே வேண்டாம். இலை போனால் காய்க்குச் சர்க்கரை தருவது யார்? காய் சிறுக்கும், இனிப்புக் குறையும், நிழலின்றி வெயிலில் வெந்தும் போகும்.

எளிய மாற்று ஒன்று உண்டு. பிரேசில் ஆய்வாளர் பெட்டியோல், பசுமைக் குடிலில் வளர்த்த சுக்கினி என்னும் பூசணி இனத்தில் நீர் கலந்த பசும்பாலைத் தெளித்துப் பார்த்தார். பத்து விழுக்காடும் அதற்கு மேலும் பால் கலந்த கரைசல், பூஞ்சணக் கொல்லிகளுக்கு ஈடாக நோயை அடக்கியதாக 1999இல் எழுதினார். ஒரு லிட்டர் கரைசலுக்கு 100 மில்லி பால். வீட்டில் ஒரு காப்பி குறையும், அவ்வளவுதான். வெண்திட்டு இரண்டொன்று தெரிந்தவுடனே தொடங்கி, வாரம் ஒரு முறை, இலையின் இருபுறமும் படத் தெளியுங்கள். இலை முழுதும் வெளுத்தபின் தெளிப்பது வீண்.

காய் முற்றிக் காம்பு காய்ந்துவிட்ட கொடிக்கு மருந்தே வேண்டாம். காயைப் பறித்துக்கொண்டு, பக்கத்து வெள்ளரிக்குப் பரவும் முன் கொடியைப் பிடுங்கிவிடுங்கள்.