பிள்ளைப்பேறு தாமதமானால் கணவருக்கும் பரிசோதனை தேவை



திருமணமாகி ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காவிட்டால், நம் வீடுகளில் முதல் கேள்வி மருமகள் மீதே விழுகிறது. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, நாட்டு மருந்து என்று அலைபவரும் அவரே. மறுமணப் பேச்சு வரை போன பிறகும் கணவர் ஒரு பரிசோதனைகூடச் செய்துகொள்ளாத வீடுகள் உண்டு. ஆனால், ஏறக்குறைய பாதித் தம்பதியரில் கணவரிடமும் காரணம் இருக்கிறது. அவற்றுள் ஒன்று விந்தில் கிருமித்தொற்று.

கிருமி செய்யும் கேடு

சிறுநீர்த் தொற்றை உண்டாக்கும் இ.கோலி விந்தணுக்களில் ஒட்டிக்கொண்டு அவற்றின் ஓட்டத்தைக் குறைக்கும். கிளமிடியா, கொனோரியா ஆகியவை உடலுறவால் பரவுபவை. இவற்றைக் கவனிக்காமல் விட்டால் விந்தணு வரும் குழாய் தழும்பேறி அடைபடலாம். கிருமியை எதிர்க்க வரும் வெள்ளை அணுக்கள் அதிகமானாலும் விந்தணுக்கள் சேதமடையும். நம் நாட்டில் காசநோயும் இப்படி அடைப்பை ஏற்படுத்துவதுண்டு. அதற்கு அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம்.

எரிச்சலுடன் சிறுநீர், விரையில் வலி அல்லது வீக்கம், விந்தில் ரத்தம் ஆகியவை அறிகுறிகள். எந்த அறிகுறியும் இல்லாமலும் தொற்று இருக்கலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். நலமாகக் குழந்தை பெற்ற ஆண்களின் விந்திலும் பாக்டீரியா காணப்படுகிறது. ரிப்போர்ட்டில் கிருமியின் பெயர் வந்ததும் பயப்படவோ, தாமாகவே ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடவோ கூடாது. எந்தக் கிருமி, எவ்வளவு, வெள்ளை அணுக்கள் உண்டா என்பதைப் பார்த்து மருத்துவரே முடிவு செய்வார்.

பரிசோதனைக்குப் போகும்போது

• 2 முதல் 7 நாள் வரை உறவு இல்லாமல் இருக்க வேண்டும்.
• கல்ச்சர் பரிசோதனை என்றால் சிறுநீர் கழித்துவிட்டு, கைகளையும் உறுப்பையும் சோப்பால் கழுவி, லேப் தரும் சுத்தமான டப்பாவிலேயே சேகரிக்க வேண்டும்.
• வீட்டில் எடுத்தால் உடல் சூட்டிலேயே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டு சேர்க்க வேண்டும். சேகரிக்கும் முறையில் மார்க்கத் தயக்கம் இருந்தால் ஆலிமிடமும் மருத்துவரிடமும் முன்பே கேட்டுக்கொள்ளலாம்.
• முதல் முடிவு சரியில்லை என்றால் மறுபடியும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி, ஒரு மில்லி லிட்டரில் 1 கோடியே 60 லட்சம் விந்தணு, 42 சதவீத ஓட்டம் ஆகியவை கீழ் எல்லை. அதற்குக் குறைந்தால் குழந்தையே பிறக்காது என்று பொருளல்ல.

சிகிச்சை

உடலுறவால் பரவும் தொற்று என்றால் கணவன், மனைவி இருவரும் ஒரே காலத்தில் மருந்து முடிக்க வேண்டும். விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆவதால், மூன்று மாதம் கழித்துப் பார்த்தால்தான் மாற்றம் தெரியும். மருந்தால் கிருமி போகும். ஏற்கெனவே விழுந்த அடைப்பு திறக்காது. அதற்கு வேறு வழிகள் உண்டு. எனவே தாமதிக்காதீர்கள்.

எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர்கள் இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் தங்கள் மருந்தகத்தில் முதலில் கேளுங்கள். மற்றவர்கள் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் சிறுநீரகவியல் பிரிவை அணுகலாம்.

நபி இப்ராஹீம் (அலை), நபி ஜகரிய்யா (அலை) இருவரும் முதுமையில்தான் பிள்ளைப்பேறு பெற்றார்கள். துஆவோடு மருத்துவமும் சேரட்டும். மாமியார்மாரே, மருமகளைக் கேட்கும் முன் மகனைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அது அவனுக்கு அவமானமல்ல.