காற்று மறைக்கும் வெயில்

"டீச்சர், உங்க கை மட்டும் ஏன் ரெண்டு நிறமா இருக்கு?"

ஏழாம் வகுப்பில் ஒளியியல் பாடம் நடத்தியபோது முன்வரிசை மாணவி ஒருத்தி கேட்டாள். ரவிக்கைக் கை முடியும் இடத்தில் கோடு போட்டதுபோல மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். "தினமும் வண்டியில வர்றேன்ல, வெயில்தான்" என்று சிரித்துச் சமாளித்தேன்.

வீட்டிலிருந்து பள்ளிக்கு 22 கிலோமீட்டர். ஸ்கூட்டரில் போகும்போது காற்று அடிப்பதால் வெயில் அவ்வளவாக உறைக்காது. உறைக்காததால் பாதிப்பும் இல்லை என்றே நினைத்திருந்தேன்.

அந்த ஏப்ரலில் தேர்வுப் பணி முடிந்து பகல் ஒரு மணிக்குத் திரும்பும்போது பாதி வழியில் தலை பாரமாகிக் கண் இருட்டியது. வண்டியை ஓரங்கட்டிப் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். அங்கே நுங்கு விற்றுக்கொண்டிருந்த பாட்டி தண்ணீர்ச் சொம்பை நீட்டினார். "காலையிலேர்ந்து தண்ணி குடிச்சியா தாயி?"

குடிக்கவில்லை. தேர்வறையை விட்டு நகர முடியாது; கழிப்பறைக்குப் போக நேரக் கூடாதென்று தண்ணீரைத் தவிர்த்திருந்தேன். நம்மில் பல ஆசிரியைகளுக்கு இந்தப் பழக்கம் உண்டு.

வண்டிப் பயணத்தில் வெயில் நம்மை இரண்டு வழிகளில் தாக்குகிறது. இரண்டையுமே காற்று மறைத்துவிடுகிறது.

முதலாவது, வெப்பம். நம் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ். காற்று அதைவிடச் சூடாக இருந்தால் அது உடலுக்கு வெப்பத்தைக் கூட்டவே செய்யும். அப்போது உடலைக் குளிர்விப்பது வியர்வை ஆவியாவது மட்டுமே. ஓடும் வண்டியில் வியர்வை உடனுக்குடன் உலர்ந்துவிடுவதால், எவ்வளவு நீரை இழந்தோம் என்பதே தெரிவதில்லை.

இரண்டாவது, புற ஊதாக் கதிர். வெயிலின் சூட்டை உணரும் நம்மால் இந்தக் கதிரை உணர முடியாது. தோல் கருப்பதும் சுருங்குவதும் பிற்காலத்தில் கண்புரை வருவதும் இதனோடு தொடர்புடையவை. புற ஊதாக் குறியீடு 3-ஐ எட்டினாலே பாதுகாப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கோடை நண்பகலில் நம் ஊரில் அது 11-ஐத் தாண்டுவது வழக்கம். மெல்லிய மேகம் இதைப் பெரிதாகத் தடுக்காது. ஆகஸ்டிலும் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வருகிறது; சூடு குறைந்திருந்தாலும் கதிர் குறைவதில்லை.

இப்போது நான் கடைப்பிடிப்பவை இவை. கிளம்பும் முன் இரண்டு டம்ளர் தண்ணீர். வண்டியில் ஒரு பாட்டில். சேலைக்கு மேல் முழுக்கைப் பருத்திச் சட்டை, கையுறை. துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். ஒளி ஊடுருவினால் கதிரும் ஊடுருவும். ஹெல்மெட்டின் வைசரை இறக்கியே ஓட்டுகிறேன். முகத்துக்கும் கழுத்துக்கும் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன், வியர்த்தால் மறுபடி பூச வேண்டும். முந்தானை, துப்பட்டா நுனிகளைச் செருகிக்கொள்ள மறக்கக் கூடாது. சக்கரத்தில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

தலைவலி, கிறுகிறுப்பு, தசைப்பிடிப்பு வந்தால் "வீடு கிட்டத்தானே" என்று ஓட்டாதீர்கள். நிழலில் நிறுத்தி, தண்ணீரோ உப்புச் சர்க்கரைக் கரைசலோ குடியுங்கள். ஒருவர் குழறினாலோ நினைவு தப்பினாலோ வாயில் எதையும் ஊற்றாமல், உடலை நனைத்து விசிறிவிட்டு, 108-ஐ அழையுங்கள்.

ஜூனில் பள்ளி திறந்ததும் அந்த மாணவிக்குப் பாக்கியிருந்த பதிலைச் சொல்ல, வகுப்பை மைதானத்துக்கு அழைத்துப் போனேன். வெயிலில் நிற்பவரின் நிழல் அவர் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதாக் கதிர் வலுவாக இருக்கிறது என்று பொருள். பிள்ளைகள் நாள் முழுதும் அளந்தார்கள். காலை 9 மணிக்கு நிழல் ஆளைவிட நீளம்; 10 மணிக்கே குட்டையாகிவிட்டது; மாலை 4 மணிக்கு மறுபடி நீண்டது.

"அப்ப மத்தியானத்துல வண்டி ஓட்டாதீங்க டீச்சர்" என்றாள் அவள்.

எல்லா நாளும் அது நம் கையில் இல்லை. ஆனால் தண்ணீர் நம் கையில் இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தண்ணீர் மணி அடிக்கும்போது நாமும் குடிப்போம். ஆசிரியைகள் தயங்காமல் குடிக்கும்படி பள்ளிக் கழிப்பறை இருக்கிறதா என்பதையும் அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் பேசுவோம்.