சுட்டாலும் விழாத வாத்து

"தாத்தா, துப்பாக்கி கெட்டுப் போச்சு!"

எட்டு வயதுப் பேரன் உதட்டைப் பிதுக்கினான். திரையில் வாத்து நிதானமாகப் பறந்து மறைந்தது. புல்லுக்குள்ளிருந்து எழுந்த நாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பத்துக் குண்டு, இருபது குண்டு என்று சுட்டுத் தீர்த்தும் ஒரு வாத்துகூட விழவில்லை.

இது நடந்தது ரேணிகுண்டாவில், ரயில் நிலையத்திற்குச் சற்றுத் தள்ளியுள்ள ஒரு வீட்டில். வீட்டுக்காரர் அரக்கோணத்துக்காரர். ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, ரேணிகுண்டாவிலேயே பல ஆண்டுகள் பணியாற்றி, ஓய்வு பெற்ற பிறகும் அங்கேயே தங்கிவிட்டவர். 1996-ஆம் ஆண்டு தசரா போனஸ் கைக்கு வந்ததும் சென்னைக்கு ரயிலேறி, பர்மா பஜாரில் பேரம் பேசி, மகனுக்கு ஒரு டி.வி. விளையாட்டுக் கருவி வாங்கி வந்தார். அதனுடன் வந்ததுதான் அந்தக் கறுப்புத் துப்பாக்கி.

அந்த மகன் வளர்ந்து, இன்று பக்கத்துத் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறார். பரணில் கிடந்த பெட்டியைப் பேரனின் கோடை விடுமுறைக்காகக் கீழே இறக்கினார் தாத்தா. தூசி தட்டினார். சுவரில் மாட்டியிருக்கும் புதிய எல்.இ.டி. டி.வி.யில் மஞ்சள் பின்னைச் செருகினார். பாட்டு வந்தது, படம் வந்தது, வாத்தும் வந்தது. சுட்டால் மட்டும் விழவில்லை.

துப்பாக்கிதான் பழுது என்று முடிவு கட்டி, வீட்டார் தபால் மூலம் இன்னொரு துப்பாக்கி வரவழைத்தார்கள். தொள்ளாயிரம் ரூபாய் போயிற்று. புதுத் துப்பாக்கியாலும் ஒரு வாத்தும் விழவில்லை. நாய் மட்டும் மறுபடி சிரித்தது.

மெக்கானிக் சொன்ன தீர்ப்பு

கடைசியில் இரண்டு துப்பாக்கிகளையும் கருவியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, பேரனை அழைத்துக்கொண்டு, கடைத்தெருவில் உள்ள பழைய டி.வி. மெக்கானிக்கிடம் போனார் தாத்தா. மெக்கானிக் தெலுங்குக்காரர். ஆனால் எதிரே நிற்பவர் தமிழர் என்றால் தமிழிலேயே பேசுவார். ரேணிகுண்டாவில் அது சகஜம்.

அவர் துப்பாக்கியின் குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே இருந்த சிறு கண்ணாடி வில்லையைப் பஞ்சால் துடைத்தார். பிறகு கடையின் மூலையில் துணி மூடிக் கிடந்த இருபத்தோரு அங்குலப் பழைய டி.வி.யை இழுத்து, கருவியை அதில் மாட்டினார்.

"தம்பி, ஆறடி தள்ளி நின்னு சுடு" என்றார்.

பையன் விசையை அழுத்தினான். திரை ஒரு கணம் கண் சிமிட்டியது. வாத்து தொப்பென்று விழுந்தது. நாய் இந்த முறை சிரிக்கவில்லை. வாத்தைத் தூக்கிக் காட்டியது.

"துப்பாக்கியில கோளாறு இல்ல ஸார். உங்க டி.வி. புதுசு, அதான் கோளாறு" என்றார் மெக்கானிக்.

சுடுவது யார்?

மெக்கானிக் சொன்னதை முழுவதும் புரிந்துகொள்ள, இந்தத் துப்பாக்கியின் ரகசியத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். துப்பாக்கியிலிருந்து திரைக்கு எதுவும் போவதில்லை. குண்டும் இல்லை, ஒளிக்கற்றையும் இல்லை. திரையிலிருந்து வரும் வெளிச்சம்தான் துப்பாக்கிக்குள் போகிறது. குழலின் உள்ளே இருப்பது வெளிச்சத்தை உணரும் ஒரு சிறு கண். உண்மையில் அது துப்பாக்கி அல்ல, காமிராவின் தூரத்து உறவு.

விசையை அழுத்தியதும் கருவி ஒரு தந்திரம் செய்கிறது. திரை முழுவதையும் ஒரு கணம் கறுப்பாக்குகிறது. அடுத்த கணம், வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் போடுகிறது. முதலில் இருட்டையும் அடுத்து வெளிச்சத்தையும் துப்பாக்கியின் கண் பார்த்தால், குறி சரி என்று பொருள். இரண்டு வாத்துகள் பறந்தால், வெள்ளைக் கட்டம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எந்தக் கட்டத்தின்போது வெளிச்சம் தெரிந்ததோ அந்த வாத்து விழும். நம் நாட்டு டி.வி. முறையில் ஒரு விநாடிக்கு 50 முறை திரை வரையப்படுவதால், இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது. திரை சிமிட்டியது போலத் தெரிவது இதனால்தான்.

'விளக்கைப் பார்த்துச் சுட்டால் ஏமாற்றலாமே' என்று கேட்கலாம். அதற்கும் காவல் உண்டு. திரை கறுப்பாக இருக்கவேண்டிய கணத்தில் வெளிச்சம் தெரிந்தால், அந்தச் சுடு செல்லாது. அத்துடன், பழைய டி.வி.யின் பிக்சர் டியூபில் எலெக்ட்ரான் கற்றை விநாடிக்குச் சுமார் பதினைந்தாயிரம் கோடுகளை வரைகிறது. அந்த வேகத்தில் துடிக்கும் வெளிச்சத்தை மட்டுமே அசல் துப்பாக்கி ஏற்கும். குண்டு பல்பின் நிதானமான வெளிச்சத்தை அது மதிப்பதில்லை. மலிவான நகல்கள் சிலவற்றில் இந்தக் காவல் சரியாக இராது. அவற்றை விளக்கைக் காட்டி ஏமாற்றிய பிள்ளைகள் 1990-களில் தெருவுக்குத் தெரு இருந்தார்கள்.

புது டி.வி. ஏன் ஒத்துழைப்பதில்லை?

எல்.இ.டி. டி.வி.யில் கோடு கோடாக வரையும் எலெக்ட்ரான் கற்றை இல்லை. பின்னாலிருந்து விளக்கு எரிகிறது. முன்னால் உள்ள படிகத் திரை அதைத் தேவைக்கேற்ப மறைத்தும் திறந்தும் படம் காட்டுகிறது. எனவே துப்பாக்கி தேடும் அந்தத் துடிப்பு இங்கே கிடையாது.

இரண்டாவது காரணம் தாமதம். கருவியிலிருந்து வரும் படத்தைப் புது டி.வி. அப்படியே காட்டுவதில்லை. வாங்கி, சீர்படுத்தி, பெரிதாக்கி, அதன் பிறகே திரையில் போடுகிறது. பார்ப்பவருக்கு அந்தத் தாமதம் தெரியாது. துப்பாக்கிக்குத் தெரியும். வெள்ளைக் கட்டம் வந்திருக்க வேண்டிய நேரத்தில் கண் திறந்து பார்க்கிறது; கட்டம் இன்னும் வந்து சேரவில்லை. ரயில் போன பிறகு பிளாட்பாரத்துக்கு ஓடி வரும் பயணியைப் போல, கட்டம் பிறகு வந்து என்ன பயன்? 'கேம் மோட்' என்ற வசதியைப் போட்டால் தாமதம் குறையுமே தவிர, முதல் காரணம் அப்படியே இருக்கும்.

எண்பது ஆண்டுக்கு மேற்பட்ட கதை

வெளிச்சத்தை வைத்துச் சுடும் விளையாட்டு டி.வி.யைவிடப் பிரபலமாக இருந்த காலம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1936-லேயே 'ரே-ஓ-லைட்' என்ற இயந்திரம் வந்தது. அதில் துப்பாக்கியிலிருந்து ஒளி கிளம்பி, நகரும் பொம்மை வாத்தின் மேல் உள்ள ஒளியுணரியில் படவேண்டும். வாத்துக்கும் இந்த விளையாட்டுக்கும் உறவு அன்றே ஏற்பட்டுவிட்டது.

டி.வி.யுடன் இணைக்கும் முதல் வீட்டு விளையாட்டுக் கருவியான மேக்னவாக்ஸ் ஒடிஸி 1972-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஜெர்மனியில் பிறந்து நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி அமெரிக்கா சென்ற ரால்ஃப் பேர் என்ற பொறியியலாளரின் யோசனை அது. அதற்கென ஒரு நீளத் துப்பாக்கியும் தனியாக விற்கப்பட்டது. அதைச் செய்து கொடுத்தது ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி. சீட்டுக்கட்டு செய்து வந்த அந்தக் கம்பெனி, 1970-லேயே சூரிய ஒளிச் சில்லு பொருத்திய பொம்மைத் துப்பாக்கிகளை ஜப்பானில் விற்றிருந்தது.

நின்டெண்டோவின் ஃபாமிகாம் கருவி 1983 ஜூலையில் ஜப்பானில் வெளிவந்தது. அதற்கான துப்பாக்கியும் வாத்து வேட்டையும் 1984-இல் வந்தன. அமெரிக்காவுக்கு 1985-இல் சென்றபோது துப்பாக்கிக்கு 'ஸாப்பர்' என்று பெயர். இந்தியாவுக்குப் பெருமளவில் வந்தவை அசல் அல்ல, ஃபாமிகாமின் நகல்கள். மீடியா, லிட்டில் மாஸ்டர் போன்ற பெயர்களில் 1990-களில் அவை வீடுகளுக்குள் நுழைந்தன. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969-இல் உருவான பர்மா பஜார், அவற்றுக்குத் தென்னாட்டு வாசலாக இருந்தது.

பலருக்கு இன்றும் தெரியாத ஒரு விஷயம்: ஒற்றை வாத்து ஆட்டத்தில், இரண்டாவது கைப்பிடியை வைத்திருப்பவர் வாத்தைத் தம் விருப்பப்படி பறக்கவிடலாம். மெக்கானிக் கடையில் தாத்தா அதைச் செய்து காட்டினார். வாத்து வளைந்து நெளிந்து பேரனுக்குத் தண்ணி காட்டியது.

வாங்குமுன் கவனிக்க

பழைய துப்பாக்கிகள், புதிய நகல்கள் இரண்டுமே இன்றும் விற்பனைக்கு வருகின்றன. பிள்ளை கேட்டான் என்று பணம் போடுமுன் சில விஷயங்களைப் பார்ப்பது நல்லது.

வீட்டில் பிக்சர் டியூப் டி.வி. இல்லையென்றால், பழைய முறைத் துப்பாக்கியை வாங்கவே வேண்டாம். 'எல்லா டி.வி.யிலும் ஓடும்' என்று கடைக்காரர் சொன்னால், அங்கேயே தட்டைத் திரையில் மாட்டிச் சுட்டுக் காட்டச் சொல்லவேண்டும்.

பின்னைக் கவனிக்க வேண்டும். ஜப்பானிய அசலுக்கு 15 ஊசி, அமெரிக்க அசலுக்கு 7 ஊசி, நகல்கள் பலவற்றுக்கு 9 ஊசி. ஒன்று மற்றொன்றில் சேராது.

டியூப் டி.வி. இருந்தும் குறி தப்பினால், முதலில் குழல் வில்லையைத் துடைக்கவேண்டும். பிறகு டி.வி.யின் வெளிச்சத்தைக் கூட்டவேண்டும். ஜன்னல் வெயில் திரையில் விழக்கூடாது. டி.வி. பெட்டியின் பின்மூடியை மட்டும் யாரும் கழற்றக்கூடாது. பிக்சர் டியூபுக்குப் பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் போகிறது. சுவிட்சை அணைத்த பிறகும் அது உள்ளே தங்கியிருக்கும்.

தட்டைத் திரைக்கென்று வேறு வகைத் துப்பாக்கிகள் வந்திருக்கின்றன. 2006-இல் வந்த நின்டெண்டோ வீ கருவியில், டி.வி.யின் அருகே வைக்கும் பட்டையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி வருகிறது. கைப்பிடியில் உள்ள காமிரா அதைப் பார்த்துக் குறியை அறிகிறது. 'சிண்டன்' என்ற துப்பாக்கியில், திரையைச் சுற்றி ஒரு வெள்ளைச் சட்டம் போடப்படுகிறது. குழலில் உள்ள காமிரா அந்தச் சட்டத்தைக் கண்டு கணக்கிடுகிறது. இவை பழைய கருவியின் பின்னில் மாட்டும் சாதனங்கள் அல்ல. விலையும் அதிகம்.

இன்னொன்று. நிஜத் துப்பாக்கி போலத் தோன்றும் பொம்மையால் ஆபத்து உண்டு. அமெரிக்காவில் 1988-இல் பொம்மைத் துப்பாக்கிகளுக்கு அடையாள நிறம் வேண்டும் என்று சட்டம் வந்தது. சாம்பல் நிறமாக இருந்த ஸாப்பரை நின்டெண்டோ 1989-இல் ஆரஞ்சு நிறத்துக்கு மாற்றியது. நம் ஊரில் கிடைக்கும் நகல்கள் பல கறுப்பு. அதைப் பையன் கையில் கொடுத்து ரயில் நிலையத்தில் நடக்கவிடுவது புத்திசாலித்தனம் அல்ல. ரேணிகுண்டா விமான நிலையத்திலும் பொம்மைத் துப்பாக்கியைக் கைப்பையில் கொண்டுபோக விடமாட்டார்கள்.

அப்பாவின் வேலை

ரேணிகுண்டாவுக்கு இந்தக் கதையில் இன்னொரு பங்கும் உண்டு. ரேணிகுண்டா வட்டாரம் இன்று தட்டை டி.வி.க்களின் பிறப்பிடங்களில் ஒன்று. விமான நிலையத்தை அடுத்த எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்பேட்டையில் டிக்ஸன் கம்பெனி 2017 முதல் டி.வி. செய்து வருகிறது. ஷியோமி கம்பெனியின் டி.வி.க்கள் 2018-லிருந்து திருப்பதி என்ற முகவரியுடன் நாடெங்கும் போயின. சீனாவின் டி.ஸி.எல். கம்பெனியும் திரைத் தொழிற்சாலைக்கு 2018 டிசம்பரில் அங்கே அடிக்கல் நாட்டியது.

பேரனின் அப்பாவும் அத்தகைய ஒரு தொழிற்சாலையில்தான் திரைகளைப் பரிசோதிக்கிறார். ஷிப்டு முடிந்து மெக்கானிக் கடைக்கு வந்தவர், தாம் பத்து வயதில் பிடித்த துப்பாக்கியைப் பேரனிடமிருந்து, அதாவது தம் மகனிடமிருந்து, வாங்கிச் சுட்டுப் பார்த்தார். மூன்று வாத்து விழுந்தது.

"அப்பா, நீங்க செய்யற டி.வி.யில ஏம்ப்பா இது விழல?" என்று கேட்டான் பையன்.

"நாங்க படம் நல்லாத் தெரியணும்னு பாக்கறோம்டா. வாத்து விழணும்னு யாரும் எங்ககிட்ட கேக்கலையே!" என்றார் அவர்.

பழைய டி.வி.யை மெக்கானிக் அந்த வாரம் காயலான் கடைக்குப் போட இருந்தார். எடைக்கு முந்நூறு ரூபாய்கூடத் தேறாது என்றார். தாத்தா ஐந்நூறு கொடுத்தார். தபாலில் போன தொள்ளாயிரத்தைவிட இது குறைவுதான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். பெட்டியை ஆட்டோவில் ஏற்ற மூன்று பேர் வேண்டியிருந்தது. பையன் முன் ஸீட்டில் உட்கார்ந்தான். துப்பாக்கி தாத்தாவின் பைக்குள் பத்திரமாக இருந்தது.