பாட்டிக்கு நாலு பட்டன் போதும்! - சொந்த டிசைனில் ஒரு சர்க்யூட் போர்டு, வீட்டிலேயே ஒரு ரிமோட்

உங்கள் வீட்டு டிவி ரிமோட்டைக் கையில் எடுத்து, அதில் எத்தனை பட்டன்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் வீட்டு ரிமோட்டில் 44. செட்டாப் பாக்ஸ் ரிமோட் தனி. இதில் தினமும் நீங்கள் அழுத்துவது எத்தனை? அஞ்சு, ஆறைத் தாண்டாது.

நமக்கு இது ஒரு பிரச்னையே இல்லை. என் பாட்டிக்குப் பிரச்னை. வயது 78. கண் ஆபரேஷன் முடிந்தவர். விரல்களில் லேசான நடுக்கம். ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், 'நோ சிக்னல்' என்று காட்டிக்கொண்டிருந்த டிவியின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"காலையில ஏதோ தெரியாம அமுக்கிட்டேன் கண்ணு. நீ வந்ததும் பாத்துக்கலாம்னு உக்காந்துட்டேன்."

காலையிலிருந்து! அவர் அழுத்தியது 'இன்புட்' பட்டன். சரிசெய்ய ரெண்டு விநாடி. ஒரு போன் பண்ணியிருக்கலாமே என்று கேட்டதற்கு, "வேலையில இருப்ப. இதுக்குப் போயி கூப்பிடுறதா?" என்றார்.

'போன்லயே ரிமோட் ஆப் இருக்கே' என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. சில போன்களில் ஐ.ஆர் வசதி இருக்கிறது, உண்மைதான். ஆனால், தடவிப் பார்த்தால் கண்ணாடித் திரையில் எந்தப் பட்டனும் கைக்குத் தட்டுப்படாது. கடையில் கிடைக்கும் யுனிவர்சல் ரிமோட்டில் இன்னும் கூடுதலாகப் பட்டன்கள். பாட்டிக்குத் தேவை நாலே நாலு: டிவியை ஆன் / ஆஃப் செய்ய ஒன்று, சத்தம் கூட்ட ஒன்று, குறைக்க ஒன்று, எங்கே தொலைந்துபோனாலும் தன் சீரியல் சேனலுக்குத் திரும்பிவர ஒன்று.

நான் இன்ஜினீயர் இல்லை. படித்தது ஜர்னலிசம். சர்க்யூட்டுக்கும் எனக்குமான உறவு பன்னிரண்டாம் வகுப்பு பிசிக்ஸ் லேப்போடு முடிந்தது. அப்படியும் செய்ய முடிந்தது. எப்படி என்று சொல்கிறேன். எங்கே சொதப்பினேன் என்பதையும் சேர்த்து!

ரிமோட் என்ன பேசுகிறது?

ரிமோட்டின் முனையில் இருக்கும் குட்டி பல்பு, இன்ஃப்ரா ரெட் எல்.இ.டி. பெரும்பாலும் 940 நானோமீட்டர் அலைநீளம். நம் கண்ணுக்குத் தெரியாது. போனின் செல்ஃபி கேமராவைத் திறந்து, அதற்கு நேராக ரிமோட்டைப் பிடித்து அழுத்திப் பாருங்கள். பல போன்களில் வெளிர் ஊதா நிறத்தில் மின்னும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

சூரிய வெளிச்சத்திலும் குண்டு பல்பிலும்கூட இன்ஃப்ரா ரெட் உண்டு. அந்தக் கூட்டத்தில் தன் குரல் தனியாகக் கேட்க வேண்டும் என்பதற்காக, ரிமோட் விநாடிக்குச் சுமார் 38,000 முறை அணைந்து எரிகிறது. டிவியில் இருக்கும் ரிசீவர் அந்தத் தாளத்துக்கு மட்டும்தான் காது கொடுக்கும்.

இந்தத் துடிப்பை விட்டு விட்டு அனுப்புவதுதான் ரிமோட்டின் பாஷை. பல சாதனங்கள் பயன்படுத்தும் 'என்.இ.சி' முறையை எடுத்துக்கொள்வோம். முதலில் 9 மில்லிவிநாடி துடிப்பு, பிறகு 4.5 மில்லிவிநாடி மௌனம். 'ஹலோ, கவனி' என்று அர்த்தம். அதன் பின் 32 பிட்கள். குட்டி மௌனம் என்றால் 0, அதைவிட மூன்று மடங்கு நீண்ட மௌனம் என்றால் 1. முதல் 16 பிட் 'எந்தச் சாதனம்' என்று சொல்லும். அடுத்த 16 'எந்தப் பட்டன்' என்று சொல்லும். ஒவ்வொரு தகவலையும் ஒருமுறை நேராகவும், ஒருமுறை 0-வை 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் மாற்றியும் அனுப்பும். ரெண்டும் பொருந்தவில்லை என்றால், டிவி அதை ஒதுக்கிவிடும். எல்லாம் சேர்த்து 67.5 மில்லிவிநாடிதான். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.

முதல் வேலை... ஒட்டுக்கேட்பது!

உங்கள் டிவி என்ன பாஷை பேசுகிறது என்று தெரிந்துகொள்ள, ஒரு ஆர்டுயினோ யூனோ போர்டும், மூன்று கால் ஐ.ஆர் ரிசீவர் ஒன்றும் போதும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இரண்டும் சுலபமாகக் கிடைக்கும். ரிசீவரின் கால் வரிசை மாடலுக்கு மாடல் மாறும் என்பதால், டேட்டா ஷீட்டைப் பார்த்து இணையுங்கள். 'ஐ.ஆர் ரிமோட்' என்ற இலவச லைப்ரரியை ஏற்றி, பழைய ரிமோட்டில் ஒவ்வொரு பட்டனாக அழுத்தினால், அதன் எண் கம்ப்யூட்டர் திரையில் வரும். தேவையானதை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

டிவி ஒரு பாஷை, செட்டாப் பாக்ஸ் வேறு பாஷை பேசினாலும் கவலை இல்லை. நம் ரிமோட்டுக்கு ரெண்டையும் கற்றுக்கொடுக்கலாம். எங்கள் வீட்டில் செட்டாப் பாக்ஸை எப்போதும் ஆனிலேயே விட்டுவிட்டோம். பவர் பட்டன் டிவிக்கு மட்டும். ரெண்டையும் ஒரே பட்டனில் கட்டினால், ஒன்று ஆன், இன்னொன்று ஆஃப் என்று எப்போதாவது தாளம் தப்பிவிடும். அப்புறம் பழைய கதைதான்.

எட்டுக் கால் சிப், ஒரு பல்பு

ரிமோட்டின் மூளையாக நான் எடுத்தது 'ஏடி டைனி 85 வி' என்ற சிப். எட்டே கால்கள். ரெண்டு மின்சாரத்துக்கு, ஒன்று ரீசெட்டுக்கு. மிச்சம் ஐந்து. நாலு பட்டன், ஒரு எல்.இ.டி. அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்திவிட்டது!

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அதன் தூக்கம். யாரும் பட்டனைத் தொடாதபோது சிப் தூங்கிவிடும். அப்போது அது இழுக்கும் மின்சாரம் ஒரு மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவு. பட்டனை அழுத்தினால் எழுந்து, செய்தியை அனுப்பிவிட்டு மறுபடி தூங்கும். அதனால் ரிமோட்டுக்கு ஆன் / ஆஃப் சுவிட்சே வேண்டாம். பென்சில் பேட்டரியைவிட ஒல்லியான டிரிபிள் ஏ செல்கள் ரெண்டு போட்டால், மாதக்கணக்கில் ஓடும். வட்ட பட்டன் செல் வேண்டாம். எல்.இ.டி கேட்கும் திடீர் மின்சாரத்தை அதனால் கொடுக்க முடியாது.

அந்தத் திடீர் மின்சாரம் சுமார் 100 மில்லி ஆம்பியர். சிப்பின் ஒரு காலால் அவ்வளவு தர முடியாது. அதனால் நடுவில் ஒரு ட்ரான்சிஸ்டர். சிப் அதற்குச் சைகை காட்டும், அது எல்.இ.டி-யை எரிய வைக்கும். கணக்கு ரொம்ப சிம்பிள். பேட்டரி 3 வோல்ட். எல்.இ.டி எடுத்துக்கொள்வது சுமார் 1.35, ட்ரான்சிஸ்டர் 0.2. மிச்சம் 1.45 வோல்ட். அதை 0.1 ஆம்பியரால் வகுத்தால் 14.5. கடையில் '15 ஓம் ரெசிஸ்டர்' என்று கேட்டு வாங்குங்கள்.

எல்.இ.டி-யிலும் ஒரு விஷயம் இருக்கிறது. சில எல்.இ.டி-கள் டார்ச் மாதிரி குறுகலாக அடிக்கும், சில அகலமாகப் பரப்பும். பாட்டி குறிபார்த்தெல்லாம் அடிக்க மாட்டார். அகலமானதையே எடுத்தேன்.

இதையெல்லாம் முதலில் பிரெட்போர்டில் செருகி, டிவி ஆன் ஆகிறதா என்று பாருங்கள். இங்கே வேலை செய்யாதது, போர்டு அடித்த பிறகும் வேலை செய்யாது.

திரையில் வரைவது

பிரெட்போர்டில் ஓடுகிறதே, அப்படியே கொடுத்துவிடலாமா? முடியாது. ஒருமுறை கீழே விழுந்தால் பத்து ஒயர் கழன்றுவிடும். அதற்குத்தான் பிசிபி. கண்ணாடி இழை கலந்த பலகை, பொதுவாக 1.6 மி.மீ. தடிமன். அதன்மேல் ஒயருக்குப் பதிலாக மெல்லிய செப்புப் பாதைகள்.

வரைய நான் பயன்படுத்தியது 'கிகாட்'. 1992-ல் பிரான்ஸைச் சேர்ந்த ஜீன்-பியர் சாரா தொடங்கிய இலவச சாஃப்ட்வேர் இது. பின்னாளில் செர்ன் ஆய்வகமும் இதன் வளர்ச்சிக்குக் கைகொடுத்தது. வேலை ரெண்டு கட்டம். முதலில் எது எதோடு சேர வேண்டும் என்ற சர்க்யூட் படம். அடுத்து, ஒவ்வொரு பொருளும் பலகையில் எங்கே உட்கார வேண்டும் என்ற லேஅவுட்.

லேஅவுட்டில் நான் கற்றுக்கொண்டவை:

* எல்.இ.டி போர்டின் விளிம்பில், வெளியே பார்த்தபடி இருக்க வேண்டும்.

* 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று சிப்புக்கு ஒட்டினாற்போல. 100 மைக்ரோ ஃபாரட் ஒன்று எல்.இ.டி-க்குப் பக்கத்தில். எல்.இ.டி மின்சாரத்தை வெடுக்கென்று இழுக்கும்போது, சிப் தடுமாறாமல் இவை பார்த்துக்கொள்ளும்.

* பட்டன்களுக்கு 0.25 மி.மீ. பாதை போதும். எல்.இ.டி-க்குப் போகும் பாதை 1 மி.மீ. இருக்கட்டும். மிச்ச இடத்தையெல்லாம் கிரவுண்ட் செம்பால் நிரப்பிவிடலாம்.

* சிப்பை நேரடியாகப் பற்றவைக்காமல், சாக்கெட் வையுங்கள். புரோகிராமை மாற்ற வேண்டும் என்றால் கழற்றி மாற்றலாம்.

* பட்டன்களின் கால்கள் போர்டின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். பேட்டரி பெட்டியை அங்கேயே வைத்தால் இடிக்கும். நான் அதை ரெண்டு ஒயரில் தனியாக இணைத்து, டப்பாவின் அடியில் வைத்தேன்.

முடித்ததும் கிகாட்டின் 'டி.ஆர்.சி' சோதனையை ஓட்டுங்கள். பாதைகள் உரசுகின்றனவா, எதுவும் இணையாமல் விட்டுப்போயிருக்கிறதா என்று அது சொல்லிவிடும். பிறகு 'கெர்பர்' ஃபைல்களாக மாற்றி, போர்டு தயாரிப்பவர்களுக்கு ஆன்லைனில் அனுப்ப வேண்டியதுதான். 100-க்கு 100 மி.மீ. அளவுக்குள் இருந்தால் பல இடங்களில் விலை குறைவு. பெரும்பாலும் ஐந்து போர்டாகத்தான் கொடுப்பார்கள். ஒன்றில் சொதப்பினாலும் நாலு மிச்சம்!

சொதப்பல் 1: கால் மாறிய ட்ரான்சிஸ்டர்

போர்டு வந்தது. எல்லாவற்றையும் பற்றவைத்து, பட்டனை அழுத்தினால்... டிவி அசையவில்லை. திரைக்கு ஒரு அடி பக்கத்தில் போனால் மட்டும் வேலை செய்தது. செல்ஃபி கேமராவில் பார்த்தேன். எல்.இ.டி எரிகிறது, ஆனால் ரொம்ப மங்கல்.

பாதி ராத்திரி வரை தேடிக் கண்டுபிடித்தது இது. 2222 என்று நாம் கேட்டு வாங்கும் ட்ரான்சிஸ்டரில், 'பிஎன்2222ஏ', 'பி2என்2222ஏ' என்று ரெண்டு உண்டு. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். கால் வரிசை மட்டும் தலைகீழ். நான் ஒன்றுக்கு வரைந்துவிட்டு, இன்னொன்றை வாங்கி வந்திருக்கிறேன். கலெக்டரும் எமிட்டரும் இடம் மாறிவிட்டன. டி.ஆர்.சி இதைச் சொல்லாது. நாம் வரைந்தது சரியா என்று மட்டும்தான் அதற்குத் தெரியும், நம் கையில் இருக்கும் பொருள் எது என்று தெரியாது.

நல்லவேளை, நடுக்கால் ரெண்டுக்கும் ஒன்றுதான். ட்ரான்சிஸ்டரைக் கழற்றி, திருப்பிப் போட்டேன். ஹாலின் மறுகோடியிலிருந்து டிவி ஆன் ஆனது. பொருளை முதலில் வாங்குங்கள், டேட்டா ஷீட்டைப் பாருங்கள், அதன் பிறகு வரையுங்கள்.

சொதப்பல் 2: பாட்டியின் கை

பெருமையாகக் கொண்டுபோய் பாட்டியிடம் கொடுத்தேன். சத்தத்தைக் கூட்டப்போய், ரெண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கினார். டிவியை ஆன் செய்யப் போனால், விரல் நடுக்கத்தில் பட்டன் ரெண்டு முறை அழுந்தி, ஆன் ஆன டிவி உடனே ஆஃப் ஆனது. ரிமோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "நல்லாத்தான் இருக்கு கண்ணு. எனக்குத்தான் வரல."

அந்த வார்த்தைதான் குத்தியது. தப்பு அவருடையது இல்லையே! 6 மி.மீ. பட்டன்களை 10 மி.மீ. இடைவெளியில் வைத்தது நான். என் கட்டைவிரலுக்கு ஏற்றபடி வரைந்துவிட்டு, அவர் கையில் கொடுத்திருக்கிறேன். 44 பட்டன் ரிமோட்டை வடிவமைத்தவரும் இதையேதான் செய்தார்.

அடுத்த முறை கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். லேஅவுட்டை அசல் அளவில் பிரின்ட் எடுத்து, அட்டையில் ஒட்டி, நிஜப் பட்டன்களைக் குத்தி, கையில் கொடுத்தேன். மூன்று அட்டை வீணானது. செலவு ஒன்றுமில்லை. கடைசியில் நின்றது, 12 மி.மீ. பட்டன்கள், 22 மி.மீ. இடைவெளி, பவருக்கு மட்டும் வேறு நிறத் தொப்பி. போர்டின் மேலேயே வெள்ளை எழுத்தில், பெரிதாக, தமிழில்: 'டிவி', 'கூட்டு', 'குறை', 'நம்ம சேனல்'. தமிழ் எழுத்தைப் படமாக மாற்றி லேஅவுட்டில் வைத்தால், அப்படியே அச்சாகி வரும். புரோகிராமில் ஒரு சின்ன மாற்றம். பவர் பட்டனை ஒருமுறை அழுத்தினால், அடுத்த ஒரு விநாடிக்கு மறுபடி அழுத்துவதைக் கண்டுகொள்ளாது.

இந்த ஒரு விநாடியையும், அந்த 22 மி.மீ.-ஐயும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. சொந்தமாக போர்டு வரைவதன் அர்த்தமே இதுதான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

சால்டரிங் புதிது என்றால், உதிரி போர்டில் பழகிவிட்டு ஆரம்பியுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், முடித்ததும் கையைக் கழுவுங்கள். ஈயத்தில் குறட்டை விடக் கூடாது.

புது ரிமோட் கொடுத்த மூன்றாம் நாள், மத்தியானம் ஆபீஸில் இருக்கும்போது பாட்டியிடமிருந்து போன். வேலை நேரத்தில் அவர் கூப்பிடவே மாட்டார் என்பதால், பதறிப்போய் எடுத்தேன்.

"ஒண்ணுமில்ல கண்ணு. பக்கத்து வீட்டுப் பையன் வந்து கிரிக்கெட் வச்சுட்டு அப்படியே போயிட்டான். நானே நம்ம சேனலுக்கு மாத்திட்டேன். அதைச் சொல்லத்தான் போட்டேன்."

உங்கள் வீட்டில் ரிமோட்டோடு போராடுவது யார்? கிகாட்டை இன்ஸ்டால் செய்வதற்கு முன்னால், ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள்.